ஜொம்ரே அக்கா யாரையும் தூங்க விடமாட்டாள்

எங்கள் சந்தையில் பகலில் யாரும் கண்ணை மூட முடியாது. மூடினால் ஜொம்ரே அக்கா கைத்தடியால் முட்டியில் ஒரு குத்து விடுவாள். எழுபத்தொரு வயது. மலைக்கீரை விற்கிறாள். புதிதாகக் கடை போடுகிறவர்கள் அவளைக் கிறுக்கி என்று சொல்லிச் சிரிப்பார்கள். எதிரே கருவாடு விற்கும் எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நாலிலும் ஒன்பதிலும் முடியும் தேதிகளில் எங்களுக்குச் சந்தை. இரண்டு வருடம் முன்பு வரை கூரை இல்லை, குழாய் இல்லை, கழிப்பறை இல்லை. பெண்கள் நாங்கள் விடிந்ததிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் எங்கே போவது? இந்த அழகில் கடை போடக் கட்டும் சந்தைச் சுங்கத்தை மூவாயிரம் வொன்னிலிருந்து ஐயாயிரம் ஆக்கினார்கள்.

அக்காதான் வழி சொன்னாள். "சுங்கக்காரன் வந்தா எல்லாரும் தூங்குங்கடி. கிழவிங்களத் தட்டி எழுப்ப அவனுக்குத் துணிச்சல் வராது."

அப்படியே நடந்தது. ஒவ்வொரு பாயின் முன்னாலும் நின்று, "அம்மா... அம்மா..." என்று கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு போனான். மூன்று சந்தை ஜெயித்தோம். எங்களில் நடிக்கத் தெரியாதவள் தொக்சூன் ஒருத்திதான். அக்காவின் பக்கத்துப் பாயில் பூண்டு விற்றவள். நாற்பது வருடத் தோழி. அக்காவின் சோற்று டப்பாவிலிருந்து கிம்ச்சி ஊறுகாயை உரிமையோடு எடுத்துத் தின்பவள். கண்ணை மூடிக்கொண்டே சிரித்துவிடுவாள். "உன்னாலதான்டி மாட்டப்போறோம்" என்று அக்கா திட்டுவாள்.

நாலாவது சந்தை ஆகஸ்ட் மாதத்தில். தரை கொதித்தது. அன்று தொக்சூன் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சுங்கக்காரன் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். பிறகு குனிந்து தோளைத் தொடப் போனான்.

அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து சீறினாள். "பொம்பள மேல கை வைப்பியாடா? உங்கம்மா வயசு அவளுக்கு!"

அவன் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டான். தலை மறைந்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "இன்னைக்குத்தான்டி ஒழுங்கா நடிச்ச" என்று அக்கா தொக்சூனின் தொடையில் தட்டினாள். தொக்சூன் அப்படியே பூண்டுக் குவியல் மேல் சரிந்தாள்.

அதன் பிறகு கேட்டதெல்லாம் கிடைத்தது. சந்தையில் ஒருத்தி வெயிலில் செத்தாள் என்று டிவிக்காரர்கள் வந்தார்கள். கூரை வந்தது, குழாயும் கழிப்பறையும் வந்தன, சுங்கம் இரண்டாயிரம் ஆனது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட அக்காவைக் கூப்பிட்டார்கள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாள். அந்தக் குழாய்த் தண்ணீரை இன்றுவரை அவள் தொட்டதில்லை. பக்கத்துக் காலி இடத்தைக் காட்டி, "அவ இன்னும் அங்கதான் உக்காந்திருக்கா. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்குறா" என்பாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நானும் அன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தவள்தானே.

இந்த வசந்தத்தில் தொக்சூனின் மகள் உன்சில் அந்த இடத்துக்கு வந்தாள். நகரத்தில் வேலை போய்விட்டதாம். "அம்மா தூக்கத்துலயே நிம்மதியா போயிட்டாங்களாமே?" என்று முதல் நாளே கேட்டாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குச் சொல்லிவைத்த பொய் அது. அக்கா தலை நிமிராமல் கீரையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடப்போறேன்" என்றாள் பிறகு என்னிடம்.

"வாய மூடுங்கக்கா. தொக்சூன்னு சொல்லிக்க உங்களுக்கு இந்தப் பொண்ணு ஒருத்திதான் மிச்சம். அவளும் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

உன்சில் வந்து மூன்றாவது சந்தை. மத்தியானம் அதே சுங்கக்காரன் வந்தான். விடிகாலை பஸ்ஸில் வந்த களைப்பில் உன்சில், அம்மாவின் தொப்பியோடு, தலை தொங்கத் தூங்கிப்போயிருந்தாள். அவன் அவள் முன்னால் போய் நின்றதுதான் தாமதம், அக்கா கீரைக்கூடையை மிதித்துக்கொண்டு பாய்ந்தாள்.

"எந்திரிடி தொக்சூன்! போதும்டி நடிச்சது! எந்திரி!"

உன்சில் திடுக்கிட்டு விழித்தாள். அக்கா அவள் தோளை விடவில்லை. சுங்கக்காரன் அங்கேயே நிற்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "இவன் தொட்டுப் பாத்திருப்பான்மா. நான்தான் விடல."

உன்சில் அம்மாவின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அன்னைக்குக் காலையில அம்மா போன்ல பேசினாங்க, பெரியம்மா" என்றாள். "'இன்னைக்குச் சிரிக்கவே மாட்டேன், அக்காகிட்ட நல்ல பேர் வாங்கிடுவேன்'னு சொன்னாங்க. என்ன விஷயம்னு எனக்கு இப்பதான் தெரியுது."

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் தேற்றவில்லை. உன்சிலும் தேற்றவில்லை.

அடுத்த சந்தைக்கு உன்சில் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். அக்காவோடு பேச்சு வார்த்தை இல்லை. மத்தியானம் ஆனதும் தொப்பியைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"பெரியம்மா, பத்து நிமிஷம் தூங்குறேன். நீங்க எழுப்பி விடுங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தையிலும் அந்தப் பத்து நிமிடம் அக்கா யாருக்கும் கீரை விற்பதில்லை. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, உன்சிலின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.