நுரை அடங்கும் வரை

டீசல் கார் வைத்திருப்பவன் உலகத்தில் யாரையும் நம்பக் கூடாது என்பது என் மாமாவின் கொள்கை. மாமா என்றால் அத்தையின் கணவர். நாகூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கம் அவர்கள் வீடு. எங்கள் வீடு போலகத்தில். நடுவில் வாஞ்சூர் செக்போஸ்ட். அதைத் தாண்டிப் புதுச்சேரி மாநிலத்தின் காரைக்கால் பக்கம் வந்துவிட்டால் டீசல் விலை குறைவு என்பதால், எல்லைக்கு இந்தப் பக்கம் சாலையோரம் முழுக்கப் பெட்ரோல் பங்குகள்தான். சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். திருநள்ளாற்றில் சனியை இறக்கி வைத்தவர்கள், டேங்கில் டீசலை ஏற்றிக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள்.

டீசல் போடுவதற்கு மாமா ஒரு முறை வைத்திருந்தார். வண்டி நின்றதும் முதலில் கீழே இறங்கிவிட வேண்டும். உள்ளேயே உட்கார்ந்திருப்பவனைத்தான் ஏமாற்றுவார்களாம். கையில் எடுப்பது டீசல் பைப்தானா, பெட்ரோல் பைப்பா என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் இன்ஜினுக்குக் கருமாதிதான். அடுத்து மீட்டர். அதில் சைபர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லக் கூடாது.

இதெல்லாம் சாதாரணம். டீசலிடம்தான் சூட்சுமம் இருக்கிறது என்பார். அது பெட்ரோலைப் போல சாது கிடையாது. வேகமாக விட்டால் பால் பொங்குவது போல நுரைத்துக்கொண்டு டேங்கின் வாய்க்கு வந்துவிடும். நிறைந்துவிட்டது என்று நினைத்துப் பைப் தானே டக்கென்று நின்றுவிடும். உண்மையில் நிறைந்திருக்காது. நுரை அடங்கினால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்.

அதனால் மாமா எப்போதும், "மெதுவா விடும்மா, அவசரமில்ல. நொரை அடங்கட்டும்," என்பார். பங்கில் வேலை பார்த்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக விடுவாள். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். மாமா காதில் அது விழாது.

மாமா பங்கைச் சந்தேகப்பட்டார் என்றால், அம்மா மாமாவையும் அத்தையையும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள். அவர்கள் எங்களைப் பார்க்க வரவில்லை, டீசலுக்காகத்தான் வருகிறார்கள் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. அதற்கு அத்தையே சாட்சியும் சொல்வாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டீசல் போட வந்தோம் அண்ணி, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போவலாம்னு," என்பாள். ஒவ்வொரு தடவையும் இதே வசனம். அம்மாவும், "வா, வா. வாங்கண்ணே," என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அடுப்படிக்கு வந்து காப்பித்தூள் டப்பாவை ணங்கென்று வைப்பாள்.

"சோழியன் குடுமி சும்மா ஆடாதுடி," என்பாள் என்னிடம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெண்பிள்ளை நான். அம்மாவின் மனக்குறைகளுக்கெல்லாம் முதல் காது என்னுடையதுதான். சந்தேகம் எங்கள் குடும்பத்தில் தாய்ப்பாலோடு வருவது. எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு என்றாலும் அதில் நான் ஒன்றும் சளைத்தவள் இல்லை.

சந்தேகப்பட இடமும் இருந்தது. அத்தை வந்தால் காப்பி ஆறும் நேரத்துக்குமேல் இருக்க மாட்டாள். சாப்பிட்டுப் போ என்றால் இன்னொரு நாளைக்கு என்பாள். பிள்ளைகளை அழைத்து வர மாட்டாள். அம்மா முறுக்கு, கொழுக்கட்டை என்று எதைக் கட்டிக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். இங்கேயே நின்று இரண்டு வாய் தின்றுவிட்டு, மீதியை என் கையில் திணித்துவிட்டுப் போவாள். பிறந்த வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி மாவைக்கூடக் கட்டிக்கொண்டு போகாத பெண்ணை ஊரில் யாராவது பார்த்திருக்கிறார்களா என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரிந்து யாரும் பார்த்திருக்கவில்லை.

இத்தனைக்கும் எனக்கு அத்தையை உயிர். அவள் மடியில் படுத்தால் அவள் விரல் தானாக என் தலையைக் கோதும். அவள் எங்களுக்காகத்தான் வருகிறாள் என்று யாராவது நிரூபித்துவிட்டால் தேவலை என்று இருந்தது. யாரும் நிரூபிக்காததால் நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த வருஷக் கோடைமழையில் அப்பா வண்டியோடு வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுடன் கூடத்துக் கட்டிலில் கிடந்தார். சேதி தெரிந்த மறுநாளே அத்தையும் மாமாவும் வந்தார்கள். அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். "வலிக்குதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை அம்மா பொறுத்திருந்தாள். "கூடப்பொறந்தவரு காலை ஒடச்சிக்கிட்டுக் கெடக்காரு. ஒரு நா தங்கக் கூடாதா? அப்பவும் டீசலாம், டீசலு!"

"விடு," என்றார் அப்பா. அப்பா எதற்கும் அதைத்தான் சொல்வார்.

ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மறுபடியும் கார் வந்து நின்றது. "டீசல் போட வந்தோம் அண்ணி," என்றாள் அத்தை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். போன வாரம்தானே ரொப்பிக்கொண்டு போனார்கள்? அதற்குள் அத்தனை டீசலும் எங்கே போனது? இங்கே வாங்கி, கேனில் ஊற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்கிற ஆட்களைப் பற்றித் தெருவில் பேச்சு உண்டு. அத்தை கள்ளக்கடத்தல் செய்கிறாளா?

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் நழுவிப் போய்க் காரின் டிக்கியைத் திறந்து பார்த்தேன். கேன் இல்லை. ஸ்டெப்னி டயரும் ஒரு கோரைப்பாயும் பழைய துணி ஒன்றும் கிடந்தன. கேனை வேறு எங்கோ ஒளித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. சந்தேகம் என்று வந்துவிட்டால் இல்லாததும் ஒரு தடயம்தான்.

அன்று அம்மா பிடிவாதமாக அத்தையின் தலையில் பூ வைத்துவிட்டாள். எங்கள் கொல்லையில் பூத்த மல்லிகை, அம்மா கையால் நெருக்கமாகத் தொடுத்தது. "வெறுந்தலையோட போவாத. முறுக்குதான் வேணாங்குற, பூவையுமா வேணாங்குவ?" என்றாள். அத்தை தலையைக் குனிந்து காட்டினாள்.

கிளம்பும்போது, "நானும் பங்க் வரைக்கும் வர்றேன் மாமா, கார்ல போவணும்போல இருக்கு," என்றேன். பங்க் எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே நின்றால் எங்கள் வீட்டு வாசல் தெரியும். நான் நடந்தே திரும்பிவிடலாம். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வேலை என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பங்கில் மூவரும் இறங்கினோம். மாமா வழக்கம்போலப் பைப்பைக் கேட்டார், மீட்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சைபர்தான். அக்கா பைப்பை டேங்கில் விட்டாள். கால் நிமிஷம்கூட ஆகவில்லை, டக்கென்று நின்றது. வெள்ளையாக நுரை தள்ளியது.

"சார், டேங்கு ஃபுல்லாத்தான் இருக்கு. இதுக்குமேல போவாது," என்றாள் அக்கா.

"போவும், போவும். மெதுவா விடும்மா, அவசரமில்ல. நொரை அடங்கட்டும்."

அக்கா விட்டாள். டக். மறுபடி காத்திருந்தாள். டக். பின்னால் வேளாங்கண்ணி போகிற வேன் ஒன்று ஹாரன் அடித்தது. மாமா அசையவில்லை. அத்தை காருக்கு அந்தப் பக்கம், எங்கள் தெருவைப் பார்த்தபடி நின்றாள். டேங்கின் பக்கமே அவள் திரும்பவில்லை. டீசல் போடுவதைக் கவனிக்காமல் இவள் இப்படி நிற்கிறாளே என்று எனக்கு மாமாவின் சார்பில் கவலையாக இருந்தது.

அப்புறம் நடந்த இரண்டு காரியங்களையும் கண்கொட்டாமல் பார்த்தேன். மாமா டிக்கியிலிருந்து அந்தப் பழைய துணியை எடுத்து, டேங்கின் வாயில் வழிந்த டீசலைச் சொட்டு விடாமல் துடைத்தார். துணியைத் தூக்கிப் போடுவார் என்று பார்த்தால், முன்சீட்டுக்குக் கீழே விரித்து வைத்தார். அத்தை தலையிலிருந்த பூவை அவிழ்த்து என் சடையில் வைத்துவிட்டாள். இரண்டு பூ இதழ்கள் அவள் முடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. கார்க் கண்ணாடியில் பார்த்து அவற்றையும் எடுத்தாள்.

"நல்லா இருக்குடி தங்கம். அப்பாவ ஓடாம நடக்காம பாத்துக்க," என்றாள். குரல் கம்மியிருந்தது. டீசல் நெடி தொண்டையில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து துப்பறிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். டேங்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அப்படியும் மாமா விடவில்லை. வழிந்ததைக்கூடத் துணியில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

"பாருங்க," என்றாள் அம்மா அப்பாவிடம், வழக்கில் ஜெயித்த குரலில். "வரும்போதே வாஞ்சூர்ல ரொப்பிருக்காங்க. போவும்போதும் ஒரு வாய். ஒழுவுனதக்கூட விடல." அப்போதுதான் அவள் கண் என் சடைக்குப் போனது. முகம் மாறிவிட்டது. "இது நான் அவளுக்கு வச்ச பூவுல்ல?"

டீசலைக்கூட அம்மா மன்னித்திருப்பாள். பூவை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை வந்தபோதெல்லாம் காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. கொல்லையில் மல்லிகை உதிர்ந்து கிடந்தாலும் அத்தை தலைக்கு ஒரு கண்ணி தொடுக்கவில்லை. அத்தை அதைக் கவனித்தாள். கவனித்தபிறகும், "டீசல் போட வந்தோம் அண்ணி," என்று வந்துகொண்டுதான் இருந்தாள். சூடு சொரணை இல்லாதவள் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் மாமாவின் அப்பா இறந்துபோனார். பெரிய கோபக்காரர். எனக்குக் காது குத்திய விசேஷத்தில், கூட்டத்தில் யாரும் கவனிக்காமல் அவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று இலையை மூடிவிட்டு எழுந்து போனவர். அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் வராததைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக வருத்தப்படவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு பகல்பொழுதில் அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் துணிப்பை. காரும் இல்லை, டீசலும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாள்.

"நாலு நா இருந்துட்டுப் போவலாம்னு வந்தேன் அண்ணி."

அன்று மாலைதான் குட்டு உடைந்தது. அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக அத்தை சொன்னாள். பெரியவர் தான் மட்டும் ஒதுங்கவில்லையாம். எங்கள் வீட்டு வாசலை மருமகளும் மிதிக்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டாராம். அவர் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், சிக்கனம். காரைக்காலில் டீசல் மலிவு என்றால் அதற்கு மட்டும் தடை சொல்ல மாட்டார். கார் திரும்பி வந்ததும் கதவைத் திறந்து மோந்து பார்ப்பாராம். காருக்குள் டீசல் அளவு காட்டும் முள்ளை நம்பாமல் மூக்கை நம்பிய மனுஷர். அந்த மூக்குக்குத்தான் சீட்டுக்குக் கீழே டீசல் துணி. அந்த மூக்குக்கு எங்கள் வீட்டு முறுக்கும் தெரிந்துவிடும், மல்லிகையும் தெரிந்துவிடும்.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?" என்றாள் அம்மா.

"சொல்லிருந்தா, எதுக்கும் விடுங்குற அண்ணன்கூட அங்க சண்டைக்கு வந்துருக்கும். அப்பறம் டீசலுக்குக்கூட விட்டுருக்க மாட்டாங்க."

அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வரும்போது மடி நிறைய மொட்டு. அத்தையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே தொடுத்து முடித்தாள். முழநீளம் போதாதென்று இரண்டாக மடித்து வைத்துவிட்டாள்.

இப்போது நான் சம்பாதிக்கிறேன், சொந்தமாக ஒரு டீசல் கார் ஓட்டுகிறேன். அதே பங்கில்தான் போடுகிறேன். வண்டி நின்றதும் இறங்கிவிடுகிறேன், மீட்டரில் சைபர் பார்க்கிறேன், நுரை பொங்கினால் காத்திருக்கிறேன். அப்படிக் காத்திருக்கும்போது தெருப்பக்கம் திரும்பினால் எங்கள் வீட்டு வாசல் தெரிகிறது. அப்பாவின் கட்டில் போட்டிருந்த கூடத்து ஜன்னலும் தெரிகிறது. அன்று அத்தை நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் நான் அன்று திரும்பவே இல்லை. நிரம்பிய டேங்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவசரமில்ல, அவசரமில்ல என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னது, நுரை அடங்குவதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.