நோபர்ட் வாயைத் திறக்காத நாள்

நோபர்ட்டுக்கு வாய் நீளம் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வாயை அடக்கி அவன் சாதித்த காரியத்தைச் சரியாகச் சொன்னவர்கள் குறைவு. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

அவன் பிறந்தது 1930இல், இலங்கையில் மாத்தளைப் பக்கம், அலுவிகாரைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்துக் கீழ்லயத்து வரிசைவீடு ஒன்றில். ஐந்தாம் வகுப்பில் அவன்தான் முதல். அத்தோடு தோட்டப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்த கங்காணி, "இவன் பேரையும் பதிஞ்சிருங்க" என்றார். பக்கத்தில் நின்ற அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்ணைப் பார்த்தார். அப்பா மேல் நோபர்ட்டுக்குக் கோபம் வந்ததே இல்லை. அந்தக் குனிந்த தலையை நினைத்தால்தான் முப்பது வயதிலும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வயதில் அவன் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தான். 1960இல் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவனின் மகனை அவனே மாத்தளை டவுன் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனான். தலைமை ஆசிரியரிடம் கால் மணி நேரம் பேசினான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க தகப்பனா?" என்றார்.

"இல்லீங்க. ஆனா..."

"தகப்பன வரச் சொல்லுங்க."

தகப்பன் போகவில்லை. பயம். பையன் புல்வெட்டப் போனான்.

நோபர்ட் வீட்டுக்கு வந்து குதித்தான். பலாக்காய் அரிந்துகொண்டிருந்த அக்கா சவரியம்மா கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பெத்தவனுக்குப் பதிலா நீ பேசினா, நீயும் ஒரு கங்காணிதான்டா. சம்பளம் இல்லாத கங்காணி."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்த கையோடு, நான்கு தகப்பன்மாரைப் புகைக்கூடத்துப் பின்பக்கம் கூப்பிட்டு உட்காரவைத்தான். மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தலைமை ஆசிரியர் மாதிரி மேலே அமர்ந்தான்.

"நீங்க யாரு?"

"செல்லச்சாமி கங்காணி ஆளுங்க" என்றான் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் சிறில். யார் கேட்டாலும் தோட்டத்தில் அதுதான் பதில்.

"அப்ப கங்காணியையா ஆறாம் வகுப்புல சேக்க வந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிறிலும் சிரித்தான். மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னான். அந்தப் பதில் அவன் நாக்கை விட்டுப் போக ஏழு ஞாயிறு பிடித்தது.

பாடம் அதோடு நிற்கவில்லை. பிறப்புப் பதிவுக்குத் தகப்பனே போக வேண்டும். சம்பளச் சனிக்கிழமை கள்ளுக்கடைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு வர வேண்டும். தோட்டத்துத் தொழிற்சாலையில் இடம் காலியானால் தானே போய்க் கேட்க வேண்டும். இருவர் அப்படிக் கேட்டு வாங்கவும் செய்தார்கள். "எழுத்தே தெரியாத நான் புள்ளைக்கு என்னாத்த சொல்லிக்குடுக்க?" என்று ஒருவன் கேட்டதற்கு, "சொல்லிக்குடுக்க வேணாம். அது வாசிக்கறப்ப பக்கத்துல உக்காரு. எந்திரிச்சுப் போகாத" என்றான் நோபர்ட்.

1962 தையில் சிறிலின் மகள் மரிய கொறற்றிக்குப் பதினொரு வயது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். திங்கட்கிழமை அவள் பேரைப் பதிவதாகக் கங்காணி சொல்லிவிட்டார். அதற்கு முன்பே அதே டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சிறில், மகள், நோபர்ட் மூவரும் புறப்பட்டார்கள்.

போய்ப் பார்த்தால் தலைமை ஆசிரியருக்கு எதிர்நாற்காலியில் செல்லச்சாமி கங்காணி, கோட்டு மாட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ முந்திக்கொண்டு அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

சிறிலும் மகளும் உள்ளே போனார்கள். நோபர்ட் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"ஐயா, இவன் நம்ம ஆளுதான்" என்றார் கங்காணி. "புள்ளைய வேலைக்குச் சொல்லியாச்சு. வெவரம் தெரியாம வந்து நிக்கிறான்."

தலைமை ஆசிரியர் சிறிலைப் பார்த்தார். "நீங்க யாரு?"

சிறிலின் கையிலிருந்த தலைத்துண்டு மெல்லக் கக்கத்தை நோக்கி ஏறியது. நோபர்ட்டுக்கு நாக்கு துடித்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும்; எல்லாவற்றையும் அவனே சொல்லி முடித்துவிடலாம். கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நகக்கண்ணில் மரச்சிராய் ஏறியது. அப்படியும் கையை எடுக்கவில்லை.

"செல்லச்சாமி கங்காணி..." என்று தொடங்கினான் சிறில்.

கங்காணி புன்னகை செய்தார். மரிய கொறற்றி நிமிர்ந்து தகப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"...கங்காணி இந்தா ஒக்காந்திருக்காருங்க. நான் அவரு ஆளா வரலீங்க. என் பேரு சிறில். இந்தப் புள்ளைக்கு அப்பன். ஆறாம் வகுப்புல எடம் கேட்டு வந்திருக்கேன்." மூச்சு வாங்கினான். "கங்காணி வேலைக்குச் சொன்னது அவரு இஷ்டம். நான் சொல்லல. பெத்தவன் நானுங்க."

கடைசி மூன்று வாக்கியமும் நோபர்ட் சொல்லிக்கொடுத்தவை அல்ல.

தலைமை ஆசிரியர் பேனாவை எடுத்தார். "திங்கட்கிழமை ஏழரைக்கு அனுப்புங்க. வெள்ளைச் சட்டை போட்டு."

வெளியே வந்ததும் கங்காணி சிறிலின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினார். "திங்கட்கிழமை பெரட்டுக்கு வாடா. பாத்துக்கறேன்."

"வருவேனுங்க" என்றான் சிறில். "மக வரமாட்டா."

திங்கட்கிழமை சிறிலை ஏற்றம் மிகுந்த உச்சிமலைக்குப் பால்வெட்ட விரட்டினார்கள். போனான். மரிய கொறற்றி பள்ளிக்கூடம் போனாள். நோபர்ட்டைப் புகைக்கூடத்திலிருந்து இறக்கி, ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போட்டார்கள். சரியாக மூன்று மாதம். வேலைக்குப் போகிறவனும் வருகிறவனும் அந்த ரோட்டில்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு தகப்பனாக அவன் பக்கத்தில் நின்று, பதிவு எங்கே, எப்போது போகலாம், என்ன பேசலாம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் கங்காணி மேலே வந்து நின்றார். "என்னாடா, இடுப்பு ஒடிஞ்சிச்சா?"

முழங்கால்வரை சேற்றில் நின்ற நோபர்ட் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"புகைக்கூடத்துல இருந்தப்ப ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஆளுக வந்தாங்க. இப்ப தெனமும் வாராங்க. பெரிய உபகாரமுங்க, கங்காணியாரே."