சுவருக்கு வெளியே ஒரு தண்ணீர் மிஷின்

“தண்ணி சுத்தமாயிடுச்சி. அது வூட்டுக்கு எப்டி சார் வரும்?” மணலும் கரியும் அடுக்கி நான் நீரை வடிகட்டிக் காட்டிய அறிவியல் பாடத்தில் என் மாணவி எஸ்தர் கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; அவள் ஒரு கம்பெனி தொடங்கிவிட்டாள். போன மாதம் அழைத்தாள். “மூடிடலாமான்னு கீது சார். ஒரு தபா வந்து பாருங்க.”

தாம்பரத்தில் காலை 9.10 மின்சார ரயில். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்தாவது ஆள் நான். “பெருசு, எந்தக் கம்பெனில ஜாயினிங்?” என்றார் ஓட்டுநர். முழங்கால் வலியிலும் சிரித்துவிட்டேன். ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்துக்காக முக்கால் மணி நேர வெயில். சேரப்பணஞ்சேரியில் இறங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

எஸ்தரின் கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். கேன் தண்ணீர் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்காக, உப்பு நீரைக் குடிநீராக்கும் சூரியசக்தி இயந்திரம் செய்கிறார்கள். காசு போட்டால் லிட்டர் ஒரு ரூபாய். முதல் இயந்திரம் இங்கே, தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதியின் சுவரை ஒட்டி, சாலையோரம் நிற்கிறது. பிடிக்கத்தான் ஆளில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் தொழிற்சாலையில் முன்பு பார்த்த லைன் வேலைக்கே அவள் திரும்ப வேண்டும்.

இரண்டரைக்கு, ஷிஃப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் வந்தது. இயந்திரத்தைத் தாண்டி நேராக விடுதிக்குள் நுழைந்தது. கதவைச் சாத்தினார்கள். கம்பிக்குப் பின்னால் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி காலி பாட்டிலை ஆட்டினாள். “யக்கா, ஒங்க மிஷின பாத்துப் பாத்தே தாகம் கூடிட்டு! ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வெளிய விடுவாவ.”

எஸ்தர் உள்ளூர்க்காரி. அவள் வேலைக்குப் போன காலத்தில் பஸ் தெருமுனையில் இறக்கிவிடும். டீ குடித்துவிட்டு, காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

வார்டன் அம்மாள் கறாராகப் பேசினார். “வெளிய வுட்டு எதுனா ஆச்சின்னா பெத்தவங்க என்னத்தானே கேப்பாங்க?”

“தண்ணி உள்ள வரலாமா மேடம்?” என்றாள் எஸ்தர்.

கொஞ்சம் யோசித்தார். “பொண்ணுங்களுக்குத்தான் ரூலு. தண்ணிக்கு இன்னா ரூல் கீது? செவுத்துல ஓட்ட போட்டு பைப்ப உள்ள வுடு. பூசிக் குடுத்துடணும், ஆமா.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். பழைய கேள்வி இருவருக்கும் நினைவுக்கு வந்தது. அவள் குழாய்க்காரருக்குப் போன் செய்யப் போனாள். ஒரு குழாயால் கம்பெனி பிழைக்குமா, தெரியவில்லை. திரும்பும்போது ரயிலில் நின்றுகொண்டே வந்தேன்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் குடை எடுத்துப் போங்கள். ஒரகடத்தில் நிழல் இல்லை. போக முடியாதவர்கள் உங்கள் தெருவின் பொதுக்குழாயருகே ஒருநாள் நின்று, யார் வரவில்லை என்று பாருங்கள்.