அயனிக்குச் சூடு ஏறும் நேரம்

மெல்லிய தங்கத் தகட்டை லேசரால் ஒரே அடியில் சுடுவதுதான் என் ஆராய்ச்சி. அடி விழுந்ததும் உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் மட்டும் கொதித்துத் தாறுமாறாக ஓடும். பக்கத்திலேயே வரிசையாக நிற்கும் அயனிகளுக்குச் சூடு இன்னும் எட்டியிருக்காது. எலக்ட்ரான் போய் மோத வேண்டும், மறுபடி மோத வேண்டும். அயனி அத்தனை கனம். ஒரு மோதலில் கொஞ்சம்தான் வாங்கிக்கொள்ளும். முழுச் சூடும் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதில் கணக்குப் போடுகிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அதை அளக்க ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் என்னைக் கூப்பிட்டிருந்தது.

அப்பா சரி என்று சொல்லாமல் விமானம் ஏற எனக்கு மனம் வராது. அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் அப்போது கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கடியில் அவர் எங்கே போனாலும் பின்னாலேயே போனேன். தகடு, லேசர், அயனி என்று ஓயாமல் பேசினேன். "ம்" என்பார், கத்தரிக்கோலோடு அடுத்த கொடிக்கு நகர்வார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆய்வகத்துக்குப் பதில் எழுத வேண்டிய வாரமும் வந்துவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பொருமினேன்.

ஒரு நாள் காலை கத்தியே விட்டேன். "நான் என்ன படிக்கிறேன்னாவது உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அதற்கும் "ம்"தான்.

மதியம் தேவாரத்திலிருந்து என் தாய்மாமன் வந்தார், ஒரு மாப்பிள்ளையின் போட்டோவோடு. நான் அடுப்படியில் காபியை ஆற்றிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நல்ல இடம் மச்சான். வர்ற தையிலயே முடிச்சிருவோம்கிறாக. பிள்ளைய இன்னும் எத்தன வருசம் படிக்க வப்பீக?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"அது சும்மா படிப்பில்ல மாப்ள. தங்கத்தச் சுட்டா உள்ள எலக்ட்ரான் மட்டும் கெடந்து குதிக்குமாம். அயனி அப்படியே நிக்குமாம், கனம் பாரு. முட்டி முட்டித்தான் அதுக்குச் சூடேறணும். ஏற எம்புட்டு நேரமாகும்னு உலகத்துல ஒருத்தருக்கும் சரியாத் தெரியல. எம்மக போய் அளந்துட்டு வரட்டும். பெறகு பாப்போம்."

தம்ளர் விரலைச் சுட்டதுகூடத் தெரியாமல் நின்றேன். முதலில் வந்தது கோபம்தான். இதை என்னிடம் சொல்லித் தொலைத்தால் என்ன? அப்புறம்தான் அழுகை வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு காபியோடு போனேன். மாமா போட்டோவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு தயக்கத்தோடு அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"ஏ ஆத்தா, சரியாத்தான சொன்னேன்?"