தன் பிள்ளையைப் புகழத் தெரியாதவர்கள்

என் மனைவி வசந்தாமணிக்குச் சம்பளம் இல்லாத வேலை ஒன்று உண்டு. டெக்சஸில், இர்விங் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லைப்ரரியில், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குகிறாள். அந்தியூரில் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன் அதே மேசையில் மாணவியாக உட்கார்ந்தவள். நான் பக்கத்து மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஆபீஸ் வேலை பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்பேன். பெருமையாக இருக்கும். அதைச் சொன்னால், "உங்க வேலையப் பாருங்க" என்பாள்.

மேசையில் பாதிப் பேர் ஜப்பான் பெண்கள். ஊரின் லாஸ் கொலினாஸ் பகுதி ஆபீஸ்களுக்குக் கணவர்களை மாற்றிப் போட்டதால் வந்தவர்கள். இலக்கணத்தில் அவர்களை அசைக்க முடியாது. 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர்' என்று, எப்போதோ தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் முறை தாளில் தலைகீழ்ப் பாடம். ஆனால் டாக்டரிடம் போய், ஒரு வாரமாகக் காது வலிக்கிறது என்று சொல்லாமல் சிரித்துவிட்டுத் திரும்புவார்கள். வசந்தாமணி புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்வியில் இறங்குவாள். எத்தனை நாளாக இந்த இருமல்? எத்தனை வருஷமாக மாமியாரோடு பேச்சில்லை? முன்பின் தெரியாதவர்களிடம் இப்படிக் கேட்க நம் ஆட்களால்தான் முடியும்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹிதோமி என்ற பெண் மேசையிலேயே அழுதுவிட்டாள். அவள் மகள் எமி முதல் வகுப்பு. வாசிப்பு போதாது, இன்னொரு வருஷம் முதல் வகுப்பிலேயே இருக்கட்டுமா என்று ஸ்கூலிலிருந்து கடிதம். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பேச வேண்டும்.

வசந்தாமணி துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. போன மாதம் டீச்சர், எமி வீட்டில் வாசிக்கிறாளா என்று கேட்டிருக்கிறார். ஹிதோமி கையை ஆட்டி, "இல்லை இல்லை, அவள் சோம்பேறி, ஒன்றும் வராது" என்றிருக்கிறாள். ஜப்பானில் தன் பிள்ளையைப் பற்றி அப்படித்தான் தாழ்த்திச் சொல்ல வேண்டுமாம். கேட்டவர் உடனே, "அப்படியெல்லாம் இல்லை, கெட்டிக்காரப் பிள்ளை" என்று மறுக்க வேண்டுமாம். டெக்சஸ் டீச்சர் மறுக்கவில்லை. எழுதிக்கொண்டார். வகுப்பில் எமி வாய் திறக்காத குழந்தை, அதனால் தாய் சொன்னதே சாட்சியாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வசந்தாமணி சிரிக்கவில்லை. காரில் ஏறியதும் சொன்னாள்.

"நானும் இதையேதானுங்க பண்ணுனேன். நம்ம கயல் கிண்டர்கார்டன்ல இருந்தப்ப டீச்சர் கேட்டாங்க. கண்ணு பட்டுரும்னு பயந்துட்டு, அவ எங்க படிக்கறா, எந்நேரமும் வெளையாட்டுத்தான்னேன். ஒரு வருஷம் ஏபிசிடி குரூப்லயே போட்டு வெச்சுட்டாங்க. நம்ம புள்ள அப்பவே கத புக் படிச்சிட்டிருந்தா."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்க எப்ப வீட்ல இருந்தீங்க? அதுக்கப்பறம்தான் நான் லைப்ரரிக்கே போனேன்."

ஏதோ பொழுதுபோக்குக்குப் போகிறாள் என்றுதான் ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

புதனும் வியாழனும் ஹிதோமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்ன சொல்லிக் கொடுத்தாலும், அது பெருமையடிப்பது, என்னால் முடியாது என்றாள்.

"பெருமையே வேண்டாம். நல்லா படிக்கறாள்னு சொல்லாதே. என்ன செய்யறாள், எத்தனை நாளா செய்யறாள், அது மட்டும் சொல்லு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் வசந்தாமணி.

அதற்கு ஹிதோமியின் வாய் திறந்தது. அப்பா வேலையாக மெக்சிகோ போகும் நாட்களில் எமி சாயங்காலம் போனில் அவருக்கு ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறாள், ஏழு மாதமாக. வாசித்த புத்தகங்களின் பேரை ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். அறுபத்தொன்று.

வெள்ளிக்கிழமையும் எமியின் அப்பா ஊரில் இல்லை. ஹிதோமி கேட்டுக்கொண்டதால் வசந்தாமணி கூடப் போனாள். வண்டி ஓட்டிப் போன என்னையும் டீச்சர் உள்ளே கூப்பிட்டு, ஆறு வயதுக்காரர்களின் நாற்காலி ஒன்றைக் கொடுத்தார். முழங்கால் தாடையில் இடித்தது.

ஹிதோமி நோட்டை மேசையில் வைத்தாள். "ஷி ஹேஸ் பீன் ரீடிங் டு ஹெர் ஃபாதர்" என்று தொடங்கி, ஏழு மாதத்தையும் நிதானமாகச் சொல்லி முடித்தாள். டீச்சர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, "அப்படியென்றால் எமி நன்றாக வாசிக்கிறவள், இல்லையா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு அவளைப் பழக்கவில்லை. ஹிதோமியின் கை தானாக எழுந்தது, இல்லை இல்லை என்று ஆட்டுவதற்கு. எனக்குப் பதறிவிட்டது. ஆமாம் என்று நானே சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கடியில் வசந்தாமணி என் காலை ஓங்கி மிதித்தாள். அவள் ஹிதோமியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எழுந்த கை பாதியில் நின்றது. ஹிதோமி அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"ஆமாம். நன்றாக வாசிக்கிறவள். என் மகள் கெட்டிக்காரி" என்றாள்.

டீச்சர் பழைய குறிப்பைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். திங்கட்கிழமை எமியைத் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறேன், இரண்டாம் வகுப்புக்கு அனுப்ப எனக்கு இனித் தயக்கமில்லை என்றார். வசந்தாமணி அப்போதுதான் என் காலை விட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.