பெரியப்பாவுக்குச் சொன்ன நன்றி

நான் வாயைத் திறந்து முதன்முதலாக ஒருவருக்கு நன்றி சொன்னபோது எங்கள் கழனி காய்ந்தது. அதனால், தினமும் யாருக்காவது நன்றி சொல்லி நாளைத் தொடங்குங்கள் என்று என் மகள் கைப்பேசியில் வீடியோ அனுப்பும்போதெல்லாம், கைகூப்புகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

அப்போது ஐந்தாம் வகுப்பு படித்தேன். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை, "உதவி செய்றவங்களுக்கு நன்றி சொல்லிப் பழகணும். திங்கக்கிழமை ஒவ்வொருத்தரா எழுந்து, யாருக்குச் சொன்னீங்கன்னு சொல்லணும்" என்றார். மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நிற்பதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுந்து நின்று, யாருக்கும் சொல்லவில்லை என்பது அதைவிட மோசம்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் பேசிக் கேட்டதில்லை. பஸ்ஸின் பின்பக்கம் எழுதியிருக்கும். தேர்தல் முடிந்ததும் ஜெயித்தவர் ஜீப்பில் நின்றபடி மைக்கில் சொல்லிக்கொண்டு போவார். அவ்வளவுதான்.

முதலில் அம்மாவிடம் ஆரம்பித்தேன். சோறு போட்டதும் "நன்றிம்மா" என்றேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜொரம் இல்லியே. எதனா ஒடச்சிட்டியாடி?"

கேட்டுவிட்டு அடுப்படியிலிருந்த பாத்திரங்களை ஒருமுறை நோட்டம் விட்டாள். இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா கண்ணில் பட்டார்.

அந்த வருஷம் ஏரி சீக்கிரமே வற்றிவிட்டது. எங்கள் கிணறும் கைவிட்டது. நெற்கதிர் பால் பிடிக்கிற சமயம். அப்போது தண்ணீர் நின்றால் எல்லாம் பதர்தான். பெரியப்பா கிணற்றில் தண்ணீர் இருந்தது, மோட்டாரும் இருந்தது. கரண்ட் வந்ததும் தம் கழனிக்குப் பாய்ச்சிவிட்டு, எங்கள் பக்கத்து மடையை மண்வெட்டியால் திறந்துவிடுவார். அப்பா கேட்கவுமில்லை, பெரியப்பா தருகிறேன் என்று சொல்லவுமில்லை. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே பார்த்தால் மாட்டைப் பற்றிப் பேசுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. இதைவிடப் பெரிய உதவி ஏது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

வரப்பில் போய் நின்று, டீச்சர் காட்டியபடி கைகூப்பி, "பெரிப்பா, எங்க கயனிக்குத் தண்ணி வுட்றதுக்கு நன்றி" என்றேன்.

"இன்னாது?"

மோட்டார் சத்தத்தில் காதில் விழவில்லை போலும் என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"உங்க நைனா சொல்லச் சொன்னானா?" என்றார் பெரியப்பா.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. ஆனால் பெரியவர்கள் குரலை உயர்த்தினால், கேள்வி எதுவானாலும் தலையை ஆட்டிவிடுவது என் வழக்கம். ஆட்டினேன்.

"ஓகோ! கூடப் பொறந்தவனுக்கு நன்றி சொல்லி அனுப்புறானா? நான் இன்னா அவனுக்கு ஓட்டா போட்டேன்? ஊரானுக்குச் சொல்ற மாதிரி சொல்ட்டான் இல்ல, நான் ஊரானாவே இருந்துட்டுப் போறேன்!"

மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்துவிட்டார். ஒருவழியாகச் சொல்லி முடித்த நிம்மதியில் நான் வீட்டுக்கு ஓடினேன். மடை அடைபட்டதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்குமென்று தோன்றவேயில்லை.

அன்று சாயங்காலம் கழனிக்குப் போய்த் திரும்பிய அப்பா, மோட்டாரின் காயில் கம்பி எரிந்திருக்கும், பாவம் அண்ணனுக்கு வீண் செலவு என்று வருத்தப்பட்டார். மறுநாள் மோட்டார் நன்றாகவே ஓடியது. எங்கள் மடை மட்டும் அடைத்தபடி கிடந்தது. பள்ளிக்கூடத்தில் என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டதில் நான் சந்தோஷமாக வந்தேன். வீட்டில் அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். பயிரின் நுனி சுருளத் தொடங்கியிருந்தது.

"போயிக் கேளேன்" என்றாள் அம்மா.

"தானா குடுத்தாரு, தானா நிறுத்திட்டாரு. நான் இன்னான்னு போயிக் கேக்கறது?"

புல் அறுத்த பெண் ஒருத்திதான் வந்து விஷயத்தைச் சொன்னாள். அம்மா என் காதைப் பிடித்தாள். டீச்சர், கைகூப்பல், தலையாட்டல் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "அண்ணங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கினு வரேன்" என்றார்.

"நீ சும்மா இருய்யா. நன்றி சொன்னதுக்கே மடைய அடச்சிட்டாரு. மன்னிப்பு கேட்டா கெணத்தயே மூடிடுவாரு. போயி சாப்ட்டுட்டு வா."

"எங்க?"

"உங்க அண்ணன் வூட்லதான். இங்க இன்னிக்கு ஒல வைக்கல."

அடுப்பில் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாப்பிட உட்கார்ந்திருந்த பெரியப்பா, எங்களைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வா என்று யாரும் சொல்லவில்லை. அப்பா தானாகவே இரண்டு தட்டை எடுத்துக் கழுவி, ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெரியம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். பெரியப்பா எழுந்து போய்விட்டால் அதோடு தண்ணீரும் போயிற்று என்பது அப்பாவின் முகத்தில் தெரிந்தது. சோற்றைப் பிசைந்தார்.

ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இன்னா அண்ணி, கொழம்புல உப்பே காணோம்?" என்றார்.

பெரியம்மா பதில் சொல்வதற்குள் பெரியப்பா சுவரிலிருந்து திரும்பினார்.

"குந்திக்கினு தின்றதே ஓசி சோறு. இதுல நொட்ட வேறயா?"

"இல்லன்னா இல்லன்னுதான சொல்லணும்? நீ எப்பிடிதான் தினமும் தின்றியோ!"

"நாக்கு நீண்டு போச்சுடி இவனுக்கு. அந்தக் கருவாட்ட எட்த்து வையி. அப்பதான் வாய் அடங்கும்."

கருவாடு வந்தது. எனக்கும் ஒரு துண்டு விழுந்தது. பழக்க தோஷத்தில் "நன்" என்று ஆரம்பித்தேன். அப்பா தொடையில் கிள்ளிய கிள்ளில் மீதி எழுத்து உள்ளேயே போய்விட்டது.

கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது பெரியப்பா, "நாளிக்கி கரண்ட் வந்ததும் தண்ணி வரும். வரப்பு பூரா ஓட்டயாக் கீது. போயி அட, சோம்பேறி!" என்றார். அப்பா சரி என்றுகூடச் சொல்லவில்லை. கதவோரம் ஆணியில் தொங்கிய டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"டேய், கேக்காம கொள்ளாம எட்த்துக்கினு போறான் பாரு! எங்கிட்ட கீறது அது ஒண்ணுதான்டா!" என்று பெரியப்பா தெருவே கேட்கும்படி கத்தினார்.

அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல நிலா. தெருவில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. இந்த வெளிச்சத்தில் டார்ச் எதற்கு என்று கேட்டேன். அப்பா அதை இடுப்பில் செருகிக்கொண்டார். தண்ணீரும் கொடுத்துச் சோறும் போட்டவரின் டார்ச்சையும் பறித்துக்கொண்டு வருகிறாரே, இவருக்குக் கொஞ்சம்கூட நன்றியே கிடையாது என்று நினைத்துக்கொண்டு நான் அவர் பின்னால் நடந்தேன்.