இரண்டு சீட்டு வண்டி

உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் என் கூட்டாளி நல்லகாமனைப் போல மாடு பார்க்கத் தெரிந்தவன் அந்தக் காலத்தில் எவனும் இல்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகுத் தொழிலில் நானும் அவனும் ஒரே இலையில் தின்றவர்கள். சுழி சரியா, பல் எத்தனை, வயிறு நிறைந்து தெரியட்டும் என்று உப்பும் தண்ணீரும் காட்டிக் கொண்டுவந்திருக்கிறார்களா, எல்லாவற்றையும் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் முப்பத்தாறாம் வருஷம் ஒரு பழைய கார் வாங்கினான். அதுவும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பந்தயம் விடுகிற, கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்புக் கார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கு வாங்கினான் என்று எனக்குத் தெரியும்.

நாலு வருஷம் முந்தி அவன் பெண்சாதி சோலையம்மாளுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டு ஒரு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி ஒச்சம்மாள், "இனி என் கையில இல்லய்யா, மதுரை ஆசுபத்திரிக்குத் தூக்கு" என்று சொல்லிவிட்டாள். நல்லகாமன் தன் சோடி மாடுகளைப் பூட்டினான். ஒச்சம்மாளும் கூட ஏறிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சோடியை முந்திய மாடு கிடையாது. என்ன இருந்து என்ன? பாதி வழியில், செக்கானூரணிக்கு மேற்கே ஒற்றைப் புளியமரம் நிற்கிற இடத்தில், மாடுகள் வாயில் நுரை தள்ளி நின்றுவிட்டன. பிள்ளை வண்டிக்குள்ளேயே பிறந்தது. பெண். அழவில்லை.

சோலையம்மாள் அதை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாளாம். "செத்ததை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுத்தா" என்று ஒச்சம்மாள் பிடுங்கி வாங்கினாள். மரத்தடியிலேயே குழி தோண்டி வைத்தார்கள். நாய் நரி கிளறாமலிருக்க நல்லகாமன் ஒரு வழவழப்பான கல்லை மேலே வைத்தான். வண்டி திரும்பியது. மரம் கண்ணுக்கு மறையும் வரைக்கும் சோலையம்மாள் பார்த்துக்கொண்டே வந்தாளாம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல். வாய்விட்டு அழுதிருந்தால் தேவலை. அழாத துக்கம் வீட்டை விட்டுப் போகாது.

அவள் மறுபடி உண்டான செய்தியை நல்லகாமன் சொன்னபோது, சாவுக் கேதம் சொல்ல வந்தவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"மாப்ள, நான் ஒரு மோட்டார் வாங்கப் போறேன்" என்றான்.

"பஸ்ஸு ஓடுதேப்பா?"

"காலம்பர ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வலி பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்குமா?"

கம்பங்காட்டை ஒத்திக்கு வைத்தான். மதுரை செல்லூரில் பஸ்களுக்கு ரிப்பேர் பார்க்கும் மலையாண்டியைச் சேர்த்துக்கொண்டோம். அப்போது நாங்கள் மூன்று பேர் ஆகிவிட்டோம். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது. போகவேண்டி வந்தால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கூட எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நல்லகாமன் தெருவில் கிடந்த கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். "நல்ல ஆளுதான், காப்பித்தண்ணி கேக்க மாட்டான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

இரண்டு வண்டிகள் பார்த்தோம். ஒன்று, வாடகைக்கு ஓடித் தேய்ந்த கறுப்புக் கார். நாலு பேர் தாராளமாக உட்காரலாம். "கிழம்தான்ணே. ஆனா சொன்ன பேச்சு கேக்கும். எந்தச் சாமானும் மதுரையிலயே கிடைக்கும்" என்றான் மலையாண்டி. நல்லகாமன் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போறதுக்கு எங்கிட்டயே மாடு இருக்குய்யா" என்று திரும்பிவிட்டான்.

மற்றது அந்தச் சிவப்புக் கார். சீமைக்குத் திரும்பப்போகும் ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றது. நல்லகாமன் மாட்டைச் சுற்றுவது போல அதைச் சுற்றிவந்தான். டயரை அமுக்கினான். முன்மூடியில் உள்ளங்கையை வைத்தவன் என் காதில், "சுடுது மாப்ள. நம்ம வாரதுக்கு முந்தியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கான். உப்புத்தண்ணி காட்டுன மாடு" என்றான். கண்டுபிடித்துவிட்டான்! ஆனாலும் துரையின் டிரைவர் அவனை ஏற்றிக்கொண்டு வைகைக் கரையோரம் பறந்துவிட்டு வந்தபோது, அவன் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காற்று அடித்ததால் வந்த தண்ணீர் என்று மலையாண்டி நினைத்தான்.

"சாமான் ஒண்ணு போச்சுன்னா பம்பாய்ல இருந்து வரணும்ணே" என்று மலையாண்டி தலைபாடாக அடித்துக்கொண்டான். யார் கேட்டது? அன்றைக்கே வண்டி கை மாறியது.

மறுநாள் விடியற்காலைக் குளிரில் மலையாண்டி ஓட்டிவந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் ஒச்சம்மாள்தான் முதலில் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏய்யா, இதுல நான் எங்க உக்காருறது?" என்றாள். நல்லகாமன் விழித்தான். எல்லாவற்றையும் பார்த்தவன் அதைப் பார்க்கவில்லை. சோலையம்மாள் வாசல் நிலையைப் பிடித்தபடி இரண்டு சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போறப்ப ரெண்டு பேரு, சரி. வாரப்ப?"

பிள்ளை மடியில் இருக்குமே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது இடத்தைப் பற்றியல்ல என்று அவனுக்குத் தெரியும்.

ஓட்டப் பழகியதும் மதுரைக்குப் போய்ப் பார்த்தான். பாதி வழியில் முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தால் அதே புளியமரம். ஆவி உஸ் உஸ்ஸென்று அடங்கும்போது கடைசியில் ஒரு சிணுங்கல் கேட்டது என்றான் என்னிடம். மறுவாரம் மதுரையிலிருந்து திரும்பும்போதும் அங்கேதான் நின்றது. எதிர்த்திசையிலிருந்து வந்தும் அதே மரத்தடி.

"எங்கிட்டு நின்னுச்சு?" என்று கேட்டாள் சோலையம்மாள்.

"செக்கானூரணிக் கடைகிட்ட."

அவள் சீட்டிலிருந்து எதையோ வழித்தெடுத்து அவன் கையில் கொட்டினாள். பொடிப் பொடியான புளிய இலைகள். அந்த ரோட்டில் மற்ற இடமெல்லாம் ஆலும் வேம்பும்தான்.

"அதுதான் நிறுத்துது. தன்ன விட்டுட்டுப் போறோம்னு நிறுத்துது. இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றாள்.

அன்றையிலிருந்து அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அவள் சாணி தட்டும்போதும் சோறு வடிக்கும்போதும் நின்று நின்று எதையோ காது கொடுத்துக் கேட்டாள். நல்லகாமனுக்குச் சந்தையில் பேரம் பிடிக்கும் விரல்கள் நடுங்கின. பயந்தவன் கையை எதிராளி ஒரே பிடியில் அறிந்துகொள்வான். இரண்டு பேரத்தில் நட்டப்பட்டோம். எனக்கு ஆத்திரம் வந்தது. அவன்மேல் அல்ல, அந்த மரத்தின்மேல்.

கழுத்தைப் பிடித்து அவனைச் செல்லூருக்கு இழுத்துப் போனேன். மலையாண்டி வண்டியைப் பிரித்துப் பார்த்தான். "ரேடியேட்டர் பூராவும் அடைச்சுக் கிடக்குண்ணே. இம்புட்டுத் தூரம் ஓடுனா கொதிக்கும். மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுமத்தியில அந்த மரம் நிக்கிது. எங்கிட்டு இருந்து வந்தாலும் அங்கதான் கொதிக்கும். உங்க மாடும் அதனாலதான் அங்க நின்னுருக்கும்" என்றான். கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது. நல்லகாமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரேக்கும் தேஞ்சிருக்கு. ரெண்டையும் மாத்துனா வண்டி வாங்குன காசுல பாதி ஆகும். ஒண்ணுதான் முடியும்னா எது?" என்றான் மலையாண்டி.

"ஓடணும். நிக்கிறதப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

அந்த ரேடியேட்டருக்காக அந்தச் சோடி மாடுகளை விற்றான். துண்டைப் போட்டு விரல் பிடித்தவன் நான்தான். நாலு வருஷமாக அவற்றை அவன் அடித்ததுமில்லை, தடவியதுமில்லை. பிடிகயிறு கைமாறிய பிறகு ஓடிப்போய் இரண்டின் நெற்றியிலும் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சந்தை முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்!

புது ரேடியேட்டர் வந்தபிறகு வண்டி அந்த மரத்தைத் தாண்டி ஓடியது. அதைச் சொல்லியும் சோலையம்மாள் நம்பவில்லை. ஆனால் வலி வந்த அன்று காலையில், இந்தத் தடவை பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று ஒச்சம்மாள் சொன்னதும், அவளாகவே எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்தாள். மருத்துவச்சியை விட்டுவிட்டு இரண்டு பேராகப் போனார்கள். புளியமரம் வந்தபோது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இரு தாயி, இரு, வந்துர்றேன்" என்றாளாம். வண்டி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். ஆண். எடுத்ததுமே அழுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் மூன்று பேராகத் திரும்பினார்கள். இதை நல்லகாமன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். செக்கானூரணி தாண்டியதும் சோலையம்மாள் அவன் தோளைத் தொட்டு, "நிறுத்துங்க" என்றாள். தேய்ந்த பிரேக் கேட்கவில்லை. மரத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றது.

"மூணு பேராப் போகக் கூடாதுல்ல" என்றாள்.

அதுதானா என்று அவனுக்கு நிம்மதி. ரோட்டோரம் குவித்திருந்த சரளையில் ஒரு கல்லைப் பொறுக்கிக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக் குவியலிலேயே போட்டாள். பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து அந்த வழவழப்பான கல்லைச் சுற்றியிருந்த மண்ணைக் கையால் தோண்டி, கல்லைப் பெயர்த்தெடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். அப்போதுதான், நாலு வருஷம் கழித்து, ஓவென்று அழுதாள். பிள்ளையை ஏந்திக்கொண்டு அவன் வெயிலில் நின்று பார்த்தான். அழுது முடித்து அவள் மடியில் கல்லோடு வந்து ஏறியதும், தெற்கத்திச் சந்தைக்கு மாடு பத்திக்கொண்டு நடக்கிறவன் மாதிரி அந்தப் பந்தயக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

வாசலில் ஒச்சம்மாள்தான் ஆரத்தித் தட்டோடு நின்றாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மூணு பேரா வாரீகளே, கல்லு எடுத்துக்கிட்டீகளா?" என்று கேட்டாள்.

சோலையம்மாள் முந்தானையை விலக்கினாள். "கல்லு இல்லத்த. மூத்தவ."

ஒச்சம்மாளுக்கு அந்தக் கல் எது என்று தெரிந்துவிட்டது. தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீர் தளும்பிக் கையில் வழிந்தது. அன்று பிடுங்கி வாங்கியவள், இன்று நாலு பேருக்கும் சேர்த்துச் சுற்றினாள். பிறகு விரலால் ஆரத்தியைத் தொட்டு, ஆளுக்கு ஒரு பொட்டு வைத்தாள். கடைசிப் பொட்டைக் கல்லுக்கு வைத்துவிட்டு, "உள்ள வா, ஆத்தா" என்றாள்.